‘பரபரப்பு ஏற்பட்டது’ என்று எழுதும் முன்: செய்தியில் தேய்ந்த தொடர்களையும் மிகைச் சொற்களையும் களைய ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பெண்கள் குடிநீர் கேட்டுக் காலிக் குடங்களுடன் சாலை மறியல் செய்தார்கள். எங்கள் பகுதிநேர நிருபர் அனுப்பிய காப்பி, அதாவது செய்திப் பிரதி, இப்படி முடிந்தது: “அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தியதை அடுத்து பொதுமக்கள் கலைந்து சென்றனர். இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு ஏற்பட்டது.” செய்திகளைத் திருத்தும் டெஸ்கில் இருந்த நான் ஒரு ஒற்றுப் பிழையை மட்டும் திருத்திவிட்டு அதை அச்சுக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து அதே இடத்தில் மீண்டும் மறியல். இந்த முறை நானும் போயிருந்தேன். கூட்டத்தில் இருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, நாலு நாளில் மோட்டாரை மாற்றித் தருகிறேன் என்று அன்றைக்கு அதிகாரி சொன்னாரே, அதை ஏன் உங்கள் பேப்பரில் போடவில்லை? போட்டிருந்தால் இன்றைக்கு அவரிடம் காட்டியிருப்போமே.”

அதிகாரி கொடுத்த வாக்குதான் அன்றைய செய்தி. “பேச்சுவார்த்தை நடத்தியதை அடுத்து” என்ற தொடர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. என்ன பேசினார்கள் என்று நிருபர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தொடர் பழக்கப்பட்டதாக இருந்ததால், அங்கே ஒரு பள்ளம் இருப்பதே எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

அன்று முதல், தேய்ந்த தொடர் ஒன்றைக் காப்பியில் பார்த்தால், யாரோ கேட்காமல் விட்ட கேள்வி அங்கே புதைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். மொழி அழகு இரண்டாவது கவலை. கீழே இருப்பவை நான் டெஸ்கில் பின்பற்றிய படிகள். புதிதாக வேலைக்கு வந்த நிருபர், உதவி ஆசிரியர், தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் எழுதுபவர் ஆகிய எல்லோருக்கும் இவை பொருந்தும்.

முதல் படி: பென்சிலோடு வாய்விட்டுப் படியுங்கள்

காப்பியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து வரும் சொல் எது என்று பார்க்காமலே சொல்ல முடிகிற இடங்களிலெல்லாம் அடிக்கோடு இடுங்கள். ‘தீ’ என்றதும் ‘மளமளவென’ வருகிறது. ‘கார்’ என்றால் ‘அப்பளம் போல் நொறுங்கியது’. மழை ‘வெளுத்து வாங்கும்’, வெயில் ‘சதம் அடிக்கும்’, போலீசார் ‘வலைவீசித் தேடுவார்கள்’, தொண்டர்கள் ‘அலைகடலெனத் திரள்வார்கள்’. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு முன்னால் ‘உலகப் புகழ்பெற்ற’ இல்லாத செய்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தத் தொடர்களை முதன்முதலில் எழுதியவர்கள் மட்டமான எழுத்தாளர்கள் அல்லர். நொறுங்கிய காரைப் பார்த்து அப்பளத்தை நினைத்தவர் கண்ணால் பார்த்து எழுதியவர். பிறகு எழுதியவர்கள் அவருடைய வரியைப் பார்த்து எழுதினார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

பழகிக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. நேற்றைய நாளிதழில் ஒரு விபத்துச் செய்தியின் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். சொன்னது சரியாக இருந்தால், அந்தப் பத்தி அந்த விபத்தைப் பற்றியதாக இருக்க முடியாது.

இரண்டாம் படி: வாலில் தொடங்குங்கள்

தமிழ்ச் செய்தியில் கேடு அதிகம் சேரும் இடம் வால். முதல் பத்தியை எல்லோரும் யோசித்து எழுதுகிறோம். கடைசிக்கு வரும்போது நேரமும் தெம்பும் தீர்ந்துவிடுகின்றன. எனவே திருத்துவதைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள்.

அங்கே முதலில் நிற்பது ‘என்பது குறிப்பிடத்தக்கது’. இது ஏன் இத்தனை ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது என்று யோசித்தால் அதற்கு ஒரு வேலை இருப்பது தெரியும். இன்றைய நிகழ்ச்சியோடு பழைய தகவல் ஒன்றை ஒட்ட வேண்டும். “இவர் ஏற்கெனவே இரண்டு முறை அமைச்சராக இருந்தவர்” என்று நிறுத்தினால் வரி தனியாகத் தொங்குவதுபோல் தோன்றுகிறது. அந்தக் கூச்சத்தை மறைக்க ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்ற பசை. ஆனால் குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிடுகிறோம்? தொடரை வெட்டிவிட்டு வரி நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும். நிற்கவில்லை என்றால் அந்தத் தகவலின் இடம் கடைசி இல்லை. மேலே, அது விளக்கம் தருகிற வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். பல நேரங்களில் அந்தப் பின்குறிப்புதான் செய்தியின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கீழே தருகிறேன்.

அடுத்தது, ஊர்க் குறைகளைப் பற்றிய செய்திகளின் வால்: “சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே பொதுமக்களின் எதிர்பார்ப்பாகும்.” ‘சம்பந்தப்பட்ட’ என்ற சொல் யாரையும் சம்பந்தப்படுத்தாமல் விடுகிறது. குண்டும் குழியுமான சாலை ஒன்று தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் என எதனுடையதாகவும் இருக்கலாம். அது யார் சாலை என்று கண்டுபிடிப்பதுதான் நிருபரின் பாதி வேலை. கண்டுபிடித்து அந்த அலுவலகத்தின் பெயரை எழுதிவிட்டால், ‘எதிர்பார்ப்பு’ வரி தேவைப்படாது. பெயர் வந்த அலுவலகத்துக்கு மறுநாள் காலையிலேயே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

இலங்கைத் தமிழ்ச் செய்திகளுக்கும் சொந்தமாக ஒரு வால் இருக்கிறது: “மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.” அங்கே ‘குறித்த நபர்’, ‘குறித்த பகுதி’, ‘குறித்த வாகனம்’ என்று எல்லாவற்றின் தலையிலும் ‘குறித்த’ ஏறிவிடுகிறது. கடலுக்கு இந்தப் பக்கம் ‘மேற்படி’ செய்கிற வேலையை அந்தப் பக்கம் அது செய்கிறது. இரண்டும் காவல் நிலையத்துக் காகிதத்திலிருந்து இறங்கி வந்தவை.

மூன்றாம் படி: ஒரே பொருளை இருமுறை சொன்ன இடங்கள்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிட்ட நன்னூல், மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் தொடக்கத்திலேயே வைத்தது. பத்து அழகுகளைச் சொல்லும்போது சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும், விளங்க வைத்தலை அதன் பக்கத்திலேயே இரண்டாவதாகவும் வைத்தது. இந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சுருக்க வேண்டும், ஆனால் விளங்காமல் போகும் அளவுக்குச் சுருக்கக் கூடாது.

சோதனை இதுதான்: ஒரு சொல்லை அடியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் அது மிகை. ‘இளம் வாலிபர்’ என்பதில் வாலிபர் என்றாலே இளைஞர்தான். ‘வயதான முதியவர்’, ‘வயது முதிர்ந்த மூதாட்டி’ ஆகியவையும் அப்படியே. வயது தெரிந்தால் ‘82 வயது மூதாட்டி’ என்று எழுதுங்கள், அது தகவல். ‘இறந்தவரின் சடலம்’ என்கிறோம். உயிரோடு இருப்பவருக்குச் சடலம் ஏது? ‘சுதந்திர தின நாள்’ என்பதில் தினமும் நாளும் ஒன்றுதான். ‘தினசரி நாளிதழ்’, ‘மீண்டும் திரும்பி வந்தார்’, ‘பரஸ்பரம் ஒருவரையொருவர்’, ‘முன்கூட்டியே திட்டமிட்டு’, ‘அடையாளம் தெரியாத மர்ம நபர்கள்’, ‘தீயில் எரிந்து’ என்று வரிசை நீளும்.

இன்னொரு வகை ஆங்கிலச் சுருக்கப் பெயர்களால் வருவது. ‘ஏ.டி.எம். மெஷின்’ என்பதில் ‘எம்’ என்பதே மெஷின்தான். ‘பின் நம்பர்’, ‘எச்.ஐ.வி. வைரஸ்’ ஆகியவற்றிலும் கடைசிச் சொல் சுருக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘எச்.ஐ.வி. தொற்று’ என்று எழுதினால் போதும்.

எண்ணோடு சேர்ந்து வரும் மிகைதான் எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது. “சுமார் 25-க்கும் மேற்பட்டோர்.” சுமார் என்றால் கூடவோ குறையவோ இருக்கலாம். மேற்பட்டோர் என்றால் குறைய முடியாது. இரண்டையும் சேர்த்தால், எழுதியவர் எண்ணவில்லை என்பது மட்டும் தெரிகிறது. எண்ணியிருந்தால் 27 என்று எழுதுங்கள். எண்ண முடியவில்லை என்றால் ‘சுமார் 25 பேர்’ என்று எழுதிவிட்டு, அதை யார் சொன்னார்கள் என்பதையும் சேருங்கள்.

நான்காம் படி: வினையை அவிழ்த்து விடுங்கள்

இது எளிது, பத்து நிமிடத்தில் முடியும். தமிழில் வலுவான வினைச்சொற்கள் இருக்கும்போது, அவற்றைப் பெயராக்கி, பின்னால் ‘மேற்கொண்டு’, ‘ஏற்பட்டு’, ‘விடுத்து’, ‘தெரிவித்து’ என்று கைத்தடி கொடுத்து நடத்துகிறோம். ஆய்வு மேற்கொண்டார் என்பதைவிட ஆய்வு செய்தார் நல்லது, என்ன பார்த்தார் என்று எழுதுவது அதைவிட நல்லது. விசாரணை மேற்கொண்டு வருகின்றனர் என்றால் விசாரிக்கின்றனர். கண்டனம் தெரிவித்தார் என்றால் கண்டித்தார். கோரிக்கை விடுத்துள்ளனர் என்றால் கேட்கின்றனர். சுற்றுப்பயணம் மேற்கொண்டார் என்றால் போனார்.

‘ஏற்பட்டது’ இவற்றில் மோசமானது. நெரிசல் ஏற்பட்டது, உயிரிழப்பு ஏற்பட்டது, தகராறு ஏற்பட்டது, தாமதம் ஏற்பட்டது. எல்லாம் தானாக முளைத்ததுபோல் தோன்றும். தகராறு ஏற்படவில்லை, யாரோ யாரையோ அடித்தார்கள். தாமதம் ஏற்படவில்லை, யாரோ கையெழுத்துப் போடவில்லை. ‘ஏற்பட்டது’ வருகிற ஒவ்வொரு இடத்திலும் “யார்?” என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: சொல்லை அடிப்பதோடு நிற்காமல் கேள்வியைக் கேளுங்கள்

இந்தப் படிதான் முதுகெலும்பு. இதுவரை செய்ததை ஒரு நல்ல பிழைதிருத்துநரே செய்துவிடுவார். இனிமேல் போனை எடுக்க வேண்டும்.

‘பரபரப்பு ஏற்பட்டது’ என்று இருந்தால், அங்கே கண்ணால் பார்த்தது என்ன என்று நிருபரிடம் கேளுங்கள். கடைகளை அடைத்தார்களா? பஸ்கள் நின்றனவா, எத்தனை நிமிடம்? பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்களா? ஒன்றும் இல்லை என்றால் பரபரப்பும் இல்லை, வரியை எடுத்துவிடுங்கள். ‘பொதுமக்கள் கடும் அவதி’ என்றால் எந்த மக்கள், என்ன அவதி? டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் மூன்று மணி நேரம் பாலத்தடியில் நின்றார் என்றால் அது செய்தி. ‘பேச்சுவார்த்தைக்குப் பின் கலைந்தனர்’ என்றால் பேசியது யார், கொடுத்த வாக்கு என்ன, கெடு எந்தத் தேதி, எழுத்தில் கொடுத்தார்களா? ‘அதிவேகமாக வந்த லாரி’ என்றால் வேகத்தை அளந்தது யார்? ‘எதிர்பாராதவிதமாக மோதியது’ என்றால், எதிர்பார்த்து நடக்கிற விபத்து ஒன்று உண்டா? ‘சிகிச்சை பலனின்றி’ என்றால் எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள், எத்தனை மணிக்கு இறந்தார், இடையில் எத்தனை மருத்துவமனைகளுக்கு அலைந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து வேறொரு பெரிய செய்தி கிளம்புவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

‘என்று கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘தகவல் வெளியாகியுள்ளது’ ஆகியவற்றையும் இங்கேயே பிடியுங்கள். கூறுவது யார்? பெயர் சொல்ல முடியாத காரணம் இருந்தால், விசாரணையில் இருக்கும் அதிகாரியா, பக்கத்து வீட்டுக்காரரா என்ற அளவிலாவது வாசகருக்குச் சொல்ல வேண்டும். “குடிபோதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது” என்ற ஒரு வரி, இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டைக்கூடச் சிக்கலாக்கக்கூடும்.

போலீஸ் செய்திகளில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே தேய்ந்த தொடர் ஒரு மனிதரைத் தண்டித்துவிடும். ‘கைதானவர் பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பைப் பாருங்கள். போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்பது சட்டம். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 23-வது பிரிவாகத் தொடர்கிறது. அந்த வாக்குமூலத்தால் கண்டெடுக்கப்படும் பொருள் தொடர்பான பகுதிக்கு மட்டுமே விலக்கு. நீதிமன்றம் ஏற்காத ஒன்றை நாம் எட்டுப் பத்தித் தலைப்பாக்கி, ‘பரபரப்பு’ என்று மாலையும் போடுகிறோம். “தான் செய்ததாக அவர் ஒப்புக்கொண்டார் என்று போலீசார் கூறினர்” என்பதுதான் நாம் எழுதக்கூடிய அதிகபட்சம். அவரைக் ‘குற்றவாளி’ என்று எழுதவும் கூடாது. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்.

காவல் நிலையத்துக் காகிதத்தின் மொழியை அப்படியே வாங்கி எழுதுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சாத்தான்குளத்தைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டாம். 2020 ஜூன் மாதம் அங்கே ஒரு தந்தையும் மகனும் கைதாகி, சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. பின்னர் விசாரித்த சி.பி.ஐ., அவர்கள் காவல் நிலையத்தில் அடித்துத் துன்புறுத்தப்பட்டார்கள் என்று சொல்லி, போலீசார் மீது கொலைக் குற்றச்சாட்டுடன் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கைதானவருக்கு ‘வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது’ என்று இன்றும் காப்பி வருகிறது. அந்த வரியைப் பார்த்ததும், மருத்துவமனையில் யாராவது அவரைப் பார்த்தார்களா, மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார், வழக்கறிஞர் என்ன சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆறாம் படி: பெரிய சொல்லுக்குப் பதில் அளவு

‘வரலாறு காணாத மழை’ என்பதை எத்தனை முறை எழுதியிருப்போம்! 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 95 செ.மீ. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்தால் போதும். ‘கொட்டித் தீர்த்தது’, ‘புரட்டிப் போட்டது’ எதுவும் வேண்டாம்.

எண் மட்டும் வைத்தால் வாசகருக்கு எட்டாது என்று தோன்றினால், அதை அவர் வீட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் 95 செ.மீ. மழை என்பது 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 88,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏழுக்கும் மேல், ஒரே நாளில் ஒரு வீட்டின் தலையில்.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை ஆகிய மூன்றும் வானிலைத் துறையின் அளவுச் சொற்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. 4 செ.மீ. பெய்த ஊருக்குக் ‘கனமழை’ என்று தலைப்புப் போட்டால் அது தகவல் பிழை. நாளைக்கு உண்மையான அதி கனமழை எச்சரிக்கை வரும்போது மக்கள் நம் சொல்லை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இன்றைக்கே சொல்லைச் செலவழித்துவிட்டால் அன்றைக்கு என்ன செய்வோம்?

ஏழாம் படி: காயப்படுத்தும் வழக்குகள்

‘கற்பழிப்பு’ என்ற சொல்லைப் பெரும்பாலான செய்தி அறைகள் கைவிட்டுவிட்டன. பாலியல் வன்கொடுமை என்று எழுதக் கற்றுக்கொண்டோம். வழக்கை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ‘கள்ளக்காதல்’ இன்னும் தலைப்புகளில் நிற்கிறது. திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. சட்டம் குற்றம் என்று சொல்லாததை நாம் ‘கள்ள’ என்கிறோம். அதுவும் பெரும்பாலும் ஒரு பெண் கொலையுண்ட செய்தியில், கொன்றவருக்குக் காரணம் தேடிக் கொடுப்பதுபோல எழுதுகிறோம்.

தற்கொலைச் செய்திகளில் ‘விபரீத முடிவு’, ‘காதல் தோல்வியால்’, ‘மதிப்பெண் குறைந்ததால்’ ஆகியவை வரவே கூடாது. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணத்தை ஒட்டும் தொடர்கள் இவை. அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் படிக்கிறது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. முறையை விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு வைக்கக் கூடாது, செய்தியைப் பெரிதாக முன்னிறுத்தக் கூடாது என்று அவை சொல்கின்றன. அச்செடுத்து டெஸ்கில் ஒட்டிவைக்க வேண்டிய காகிதம் அது.

‘பரிதாபமாக’ என்ற சொல்லையும் இங்கே சேர்ப்பேன். ஐந்து பேர் இறந்தார்கள் என்று எழுதினால் பரிதாபம் வாசகருக்குத் தானாக வரும். ‘பலி’ என்பது தலைப்பில் இடம் அடைக்காத சொல் என்பதால் நிலைத்துவிட்டது. செய்தியின் உள்ளே ‘இறந்தார்’ என்று எழுதுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

எட்டாம் படி: எதை விட்டுவைப்பது

எல்லாவற்றையும் வெட்டுகிறவர் நல்ல ஆசிரியர் ஆக மாட்டார். ஒரே பொருள் தரும் இரு சொற்கள் சேர்ந்து வருவதை நன்னூலே ஒருபொருட்பன்மொழி என்று ஏற்கிறது. ஒரு சிறப்புக்காக வந்தால் அது வழு ஆகாது. ‘ஓங்கி உயர்ந்த’ கோபுரம் ஒரு விழாக் கட்டுரையில் நிற்கலாம். ‘சஹாரா’ என்றால் அரபியில் பாலைவனங்கள் என்று பொருள், அதற்காக ‘சஹாரா பாலைவனம்’ என்பதைத் திருத்தினால் வாசகர் குழம்புவார். ‘சி.சி.டி.வி. கேமரா’ நிலைத்துவிட்டது, விடுங்கள். ‘அரைஞாண் கயிறு’ என்பதில் ஞாண் என்பதே கயிறுதான். ஆனால் பாட்டி அப்படிச் சொன்னால் மேற்கோளில் அப்படியே இருக்கட்டும். பேசுகிறவர் வாயைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

‘மலைகளின் அரசி’, ‘தூங்கா நகரம்’, ‘முத்து நகர்’ போன்ற பட்டப்பெயர்களை நான் செய்தியில் விடுவதில்லை. ஊட்டி என்று ஒருமுறை சொன்ன பிறகு மறுபடியும் ஊட்டி என்றே எழுதலாம். பெயரை இரண்டாம் முறை எழுதக் கூச்சப்பட்டுத்தான் பட்டத்தைத் தேடுகிறோம்.

ஒரு காப்பியைத் திருத்திப் பார்ப்போம்

பயிற்சிக்காக நானே கட்டிய செய்தி இது. அதனால் ஊர்ப் பெயர் இல்லை.

“நெடுஞ்சாலையில் அதிவேகமாக வந்த லாரி ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் எதிர்பாராதவிதமாக, எதிரே வந்த இருசக்கர வாகனத்தின் மீது நேருக்கு நேர் பயங்கரமாக மோதி விபத்துக்குள்ளானது. இந்தக் கோர விபத்தில் இளம் வாலிபர் ஒருவர் தூக்கி வீசப்பட்டு, ரத்த வெள்ளத்தில் சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தார். தகவல் அறிந்து சம்பவ இடத்துக்கு விரைந்து வந்த போலீசார், இறந்தவரின் சடலத்தைக் கைப்பற்றி பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தனர். மேலும் இதுகுறித்து வழக்குப் பதிவு செய்து விசாரணை மேற்கொண்டு வருகின்றனர். இதே இடத்தில் அடிக்கடி விபத்துகள் நடைபெற்று வருவது குறிப்பிடத்தக்கது.”

கீழிருந்து தொடங்குங்கள். ‘அடிக்கடி’ என்றால் எத்தனை முறை? ஏன் அதே இடத்தில்? நிருபர் இரண்டு கடைக்காரர்களிடமும் ஒரு பொறியாளரிடமும் பேசினால் காப்பி இப்படி மாறும்:

“நெடுஞ்சாலை விலக்கில் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு லாரி மோதியதில், பைக்கில் வந்த 24 வயது இளைஞர் இறந்தார். இந்த ஆண்டில் அதே இடத்தில் நடந்த 4-வது விபத்து இது. அங்குள்ள உயர்கோபுர மின்விளக்கு மார்ச் மாதம் முதல் எரியவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் கூறினர். விளக்கைப் பழுதுபார்க்க ஒப்பந்ததாரருக்கு ஏப்ரலிலேயே கடிதம் அனுப்பியதாக நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளர் தெரிவித்தார். லாரி ஓட்டுநரைப் போலீசார் கைது செய்தனர்.”

நீளம் குறைந்திருக்கிறது, விவரம் கூடியிருக்கிறது. போலீசார் விரைந்து வந்தார்களா, நடந்து வந்தார்களா என்பது போய்விட்டது. விளக்கு வந்திருக்கிறது.

நேரலையில் பேசுபவர்களுக்கு

தொலைக்காட்சியில் நிற்கும் நிருபருக்கு வெட்ட நேரம் இல்லை. அவர் இரைச்சலுக்கு நடுவில் மூச்சு வாங்கியபடி யோசித்துக்கொண்டே பேசுகிறார். அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் இரண்டு ஒட்டுகள். ஒன்று ‘கூடிய’: “சென்னையில் இருக்கக்கூடிய கோயம்பேட்டில் நடைபெறக்கூடிய போராட்டத்தைப் பார்க்கக்கூடிய காட்சி.” இன்னொன்று ‘என்பது’: “மழை என்பது பெய்து வருகிறது, போக்குவரத்து என்பது பாதிக்கப்பட்டிருக்கிறது, விசாரணை என்பது நடைபெற்று வருகிறது.” மழை பெய்கிறது என்று சொல்ல ‘என்பது’ எதற்கு?

இதற்கு நான் பார்த்த வரையில் பலன் தந்த பயிற்சி ஒன்றுதான். நேரலைக்கு முன் மூன்று விவரங்களை உள்ளங்கை அளவுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஓர் எண், ஒரு பெயர், கண்ணால் பார்த்த ஒரு காட்சி. அவற்றைச் சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். இரண்டு நொடி அமைதி வந்தால் யாரும் சேனலை மாற்றிவிட மாட்டார்கள். பிறகு உங்கள் பதிவை நீங்களே கேட்டு, எத்தனை ‘கூடிய’ என்று எண்ணுங்கள். முதல் நாள் எண்ணிக்கை வருத்தமாக இருக்கும். ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும்.

கடைசிப் படி: டைரி

அச்சானதும் வேலை முடியவில்லை. ‘பேச்சுவார்த்தைக்குப் பின் கலைந்தனர்’ என்பதற்குப் பதில் “நான்கு நாட்களில் மோட்டார் மாற்றப்படும் என்று வட்டார வளர்ச்சி அலுவலர் உறுதி அளித்தார்” என்று எழுதியிருந்தால், உங்களிடம் இப்போது ஒரு தேதி இருக்கிறது. டைரியில் ஐந்தாம் நாள் பக்கத்தைத் திறந்து ஊரின் பெயரையும், மறியலில் பேசிய ஒருவரின் தொலைபேசி எண்ணையும் குறித்து வையுங்கள். அன்று காலை பத்து மணிக்கு முதலில் அந்த எண்ணுக்குப் பேசித் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள். பிறகு அலுவலகத்துக்குப் பேசுங்கள்.